ஐந்து பக்கக் கட்டுரையின் தொண்ணூறு ஆண்டு

1934-ஆம் ஆண்டின் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழ், 46-ஆவது தொகுதி. 618-ஆம் பக்கத்தில் தொடங்கி 622-ஆம் பக்கத்தில் முடிந்துவிடுகிறது ஒரு சிறு கட்டுரை. எழுதியவர்கள் இருவர். கிறிஸ்டியன் மோலர், கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேனிஷ் இயற்பியலர். மில்டன் பிளெசெட், அமெரிக்காவிலிருந்து அங்கே வந்து தங்கி ஆய்வு செய்துகொண்டிருந்த இளைஞர். பல எலக்ட்ரான்கள் கொண்ட அணுவின் ஆற்றலைக் கணக்கிட அன்று இருந்த சிறந்த வழி ஹார்ட்ரீ–ஃபாக் முறை. ஒவ்வோர் எலக்ட்ரானும் மற்ற எலக்ட்ரான்களின் சராசரியை மட்டும் உணர்வதாக அது வைத்துக்கொள்கிறது. உண்மையில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கண்டு விலகி விலகி ஓடுகின்றன. சராசரி எடுத்ததால் வந்த பிழையைப் படிப்படியாகத் திருத்த ஒரு வழி சொன்னார்கள் இருவரும். அவ்வளவுதான் கட்டுரை.

பிறகு இருவரும் வேறு துறைகளுக்குப் போய்விட்டார்கள். மோலர் சார்பியல் கோட்பாட்டில் பெயர் பெற்றார். பிளெசெட் கலிஃபோர்னியாவில், கால்டெக்கில், திரவத்துக்குள் குமிழி எப்படி விரிந்து சுருங்குகிறது என்று ஆராய்ந்து புகழடைந்தார். அவர்கள் விட்டுப்போன ஐந்து பக்கத்தை வேதியியலர்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டு அதிகம் தேடவில்லை. இன்றோ, கணினியில் மூலக்கூறுகளைக் கணக்கிடும் எந்த ஊர் மாணவருக்கும் 'எம்பி2' என்றால் தெரியும். மோலர், பிளெசெட் பெயர்களின் முதல் எழுத்துகளும், 'இரண்டாம் படித் திருத்தம்' என்பதைக் குறிக்கும் எண்ணும் சேர்ந்தது அது. அந்தக் கட்டுரையை ஆயிரக்கணக்கான ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன.

கோட்பாட்டு வேதியியலில் ஓர் ஆய்வாளரின் பணியை அன்று எப்படி அறிந்தார்கள், இன்று எப்படி அளக்கிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. தொண்ணூறு ஆண்டில் அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம் மாறியது: கணக்கிடும் கருவி, அச்சிடும் முறை, தேடும் வழி, எண்ணும் பழக்கம். இந்த எண்ணும் பழக்கம்தான் இன்று ஒருவருக்கு வேலை தருகிறது, பதவி உயர்வு தருகிறது, ஆய்வு நிதி தருகிறது. ஆகவே அது எதை எண்ணுகிறது என்பதை நாம் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

கையால் கணக்கிட்ட காலம்

1927-இல் வால்ட்டர் ஹைட்லரும் ஃபிரிட்ஸ் லண்டனும் ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை குவாண்டம் இயக்கவியலால் விளக்கினார்கள். கோட்பாட்டு வேதியியலின் பிறப்பை அங்கிருந்து கணக்கிடுவது வழக்கம். இரண்டே எலக்ட்ரான்கள் கொண்ட மூலக்கூறு அது. மூன்று, நான்கு என்று எலக்ட்ரான்கள் கூடக்கூட வேலை மலைபோல் வளர்ந்தது. இங்கிலாந்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ அணுக்களுக்கான கணக்குகளைப் போட்டபோது அவருக்குத் துணையாக உட்கார்ந்து எண்களைக் கூட்டியும் பெருக்கியும் கொடுத்தவர் அவருடைய தந்தை வில்லியம் ஹார்ட்ரீ. ஒரே ஓர் அணுவின் கணக்குக்கே பொறுமையும் உழைப்பும் அவ்வளவு தேவைப்பட்டன.

மோலர்–பிளெசெட் கட்டுரை ஏன் தூங்கியது என்பதற்கு இங்கேயே பதில் இருக்கிறது. அவர்கள் சொன்ன இரண்டாம் படித் திருத்தத்தைப் போட்டுப் பார்க்க, எலக்ட்ரான் இணைகளுக்கு இடையிலான தொகையீடுகள் ஏராளமாக வேண்டும். மூலக்கூறு இரு மடங்கானால் இந்த வேலை ஏறத்தாழ 32 மடங்கு ஆகும். கைப்பிடி சுற்றும் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு யார் அதைச் செய்வார்கள்? கருத்து சரியாகவே இருந்தது. அதை நடத்திக்காட்டும் கருவி பிறக்கவில்லை.

இது ஒரு கட்டுரையின் கதை மட்டும் இல்லை. 1950-இல் கேம்பிரிட்ஜில் எஸ். எஃப். பாய்ஸ், எலக்ட்ரான் பரவலைக் காட்ட காஸியன் என்னும் மணி வடிவச் சார்புகளைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். அணுக்கருவுக்கு அருகில் அவற்றின் வடிவம் பிசகானது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தொகையீடுகளை அவை மிக எளிதாக்கின. மின்னணுக் கணினிகள் பரவிய பிறகுதான் அந்த எளிமையின் மதிப்பு முழுதாக விளங்கியது. இன்று உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் குவாண்டம் வேதியியல் மென்பொருள்களில் ஒன்றின் பெயரே 'காஸியன்'.

வெளியிட இடம் கிடைப்பதும் அன்று லேசாக இல்லை. வேதியியல் இதழ்களுக்குக் கணிதம் அதிகம். இயற்பியல் இதழ்களுக்கு வேதியியல் அதிகம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1933-இல் ஹெரால்டு யூரியை ஆசிரியராகக் கொண்டு 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் ஃபிசிக்ஸ்' தொடங்கியது. துறைக்கென்றே தனியாக 'தியோரெட்டிகா கிமிக்கா ஆக்டா' வந்தது 1962-இல். ஸ்வீடனின் பெர்-ஓலோவ் லோடின் 1967-இல் குவாண்டம் வேதியியலுக்கான சர்வதேச இதழை நிறுவினார். இதழ்கள் சிலவே என்பதால், துறையில் உள்ளவர் அவற்றை அட்டை முதல் அட்டை வரை படிப்பது நடக்கிற காரியமாக இருந்தது. யார் என்ன செய்தார் என்று தெரிந்தது அப்படித்தான்.

தபாலில் வந்த மேற்கோள்

தன் கட்டுரையை யார் பயன்படுத்தினார் என்று அன்றைய ஆய்வாளர் எப்படி அறிந்தார்? பெரும்பாலும் தபால்காரர் வழியாக. இதழ் ஒரு கட்டுரையை அச்சிட்டதும் அதன் தனிப்படிகளை ஆசிரியருக்குக் கொடுக்கும். இவற்றை ரீபிரின்ட் என்பார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து அஞ்சலட்டை வரும்: உங்கள் இன்ன கட்டுரையின் ஒரு படி அனுப்பினால் நன்றியுடையேன் என்று அச்சிட்ட வாசகம், கட்டுரையின் பெயருக்கும் பக்க எண்ணுக்கும் விட்ட இடம், கீழே கையெழுத்து. இதழுக்குச் சந்தா கட்ட முடியாத நூலகங்களை நம்பியிருந்த இந்திய ஆய்வாளர்களுக்கு இந்த அட்டை பெரிய துணை. வாராவாரம் வந்த 'கரன்ட் கன்டென்ட்ஸ்' என்ற கையடக்கப் புத்தகத்தில் பல இதழ்களின் பொருளடக்கமும் ஆசிரியர்களின் முகவரியும் இருக்கும். அதைப் பார்த்து அட்டை எழுதுவார்கள். ஒவ்வோர் அட்டைக்குப் பின்னாலும் படிக்க விரும்பிய ஒரு மனிதர் இருந்தார்.

அந்தச் சிறு புத்தகத்தை வெளியிட்ட ஃபிலடெல்ஃபியாவின் யூஜின் கார்ஃபீல்டுதான் எண்ணும் காலத்தையும் தொடங்கிவைத்தார். ஒரு தீர்ப்பைப் பின்னாளில் எந்தெந்த வழக்குகள் எடுத்தாண்டன என்று வழக்கறிஞர்கள் பார்க்கும் அட்டவணை அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. அதே முறையை அறிவியலுக்குக் கொண்டுவரலாம் என்று 1955-இல் எழுதினார். 1961-இல் வந்த 613 இதழ்களை எடுத்து, அவற்றில் இருந்த 14 லட்சம் மேற்கோள்களை அடுக்கி, 'சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்' ஐந்து தொகுதிகளாக 1960-களின் தொடக்கத்தில் வெளிவந்தது.

அந்தத் தொகுதியின் பக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மெல்லிய தாள், பொடி எழுத்து, நெருக்கமான பத்திகள். அகர வரிசையில் மேற்கோள் காட்டப்பட்டவரின் பெயர். அதன் கீழ் ஆண்டு, இதழின் சுருக்கப் பெயர், தொகுதி எண், பக்க எண். அதற்கும் கீழே, சற்று உள்ளடங்கி, அந்த ஆண்டில் அதை எடுத்தாண்டவர்களின் பெயர்களும் அவர்களின் கட்டுரை விவரமும். முதல் ஆசிரியரின் பெயரில் மட்டுமே தேட முடியும். மோலர்–பிளெசெட் கட்டுரை 'எம்' வரிசையில் இருக்கும். பிளெசெட் என்று தேடினால் கிடைக்காது. ஒருவருடைய மேற்கோள்களைத் திரட்ட ஒவ்வோர் ஆண்டின் தொகுதியையும் தனித்தனியே இறக்கி, வரி வரியாக விரலை ஓட்டி, தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சிரமத்துக்கு ஒரு நற்பயன் இருந்தது. எண்ணிக்கை கைக்கு வருமுன் பெயர்கள் கண்ணில் பட்டன. யார் எடுத்தாண்டிருக்கிறார், எந்த இதழில், எந்த நாட்டிலிருந்து என்று பார்த்தபடியேதான் எண்ண முடிந்தது. தன் கருத்தை யாரோ தொடர்ந்து வளர்க்கிறார் என்று கண்டால், அடுத்த வேலை அவர் கட்டுரையைத் தேடிப் படிப்பது. கார்ஃபீல்டின் நோக்கமும் முதலில் அதுதான்: ஒரு கருத்து எங்கெங்கே போயிற்று என்று தேடித் தரும் கருவி. மனிதர்களுக்கு மதிப்பெண் போடுவது அதன் மேல் பிற்பாடு ஏறிய சுமை.

மென்பொருள் எழுப்பிவிட்டது

தூங்கிய கட்டுரைகளை எழுப்பியது கணினி நிரல். 1963 முதல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் குவாண்டம் வேதியியல் நிரல்களுக்கான பரிமாற்ற மையம் இயங்கியது. ஒருவர் எழுதிய நிரலை அங்கே கொடுத்துவைப்பார். கேட்பவர்களுக்கு அது துளை அட்டைகளாகவோ காந்த நாடாவாகவோ தபாலில் போகும். ஜான் பாப்பிளின் குழு உருவாக்கிய 'காஸியன் 70' நிரலும் அந்த வழியாகப் பரவியது. பாப்பிள் கணிதம் படித்து வேதியியலுக்கு வந்தவர். 1976-இல் அவரும் அவருடைய குழுவினரும் மோலர்–பிளெசெட் முறையைக் கணினியில் ஓடும் வடிவத்துக்குக் கொண்டுவந்து வெளியிட்டார்கள். அதே காலத்தில் ராட்னி பார்ட்லெட் போன்றவர்களும் இதே திசையில் உழைத்தார்கள். ஐந்து பக்கக் கட்டுரை விழித்துக்கொண்டது.

இதைவிடப் பெரிய விழிப்பு அடர்த்திச் சார்புக் கோட்பாட்டுக்கு வந்தது. ஒவ்வோர் எலக்ட்ரானையும் தனித்தனியே பின்தொடராமல், எலக்ட்ரான் அடர்த்தி ஒன்றை வைத்தே ஆற்றலைச் சொல்லிவிடலாம் என்பது அதன் சாரம். நாஜிகளின் பிடியிலிருந்து சிறுவனாகத் தப்பிய வியன்னாக்காரர் வால்ட்டர் கோன், பாரிஸில் பியர் ஹோஹன்பெர்க்குடன் சேர்ந்து 1964-இல் இதற்கு அடித்தளம் போட்டார். 1965-இல் லூ ஷாமுடன் சேர்ந்து அதைக் கணக்கிடும் வழியாக்கினார். திடப்பொருள் இயற்பியலர்கள் உடனே எடுத்துக்கொண்டார்கள். வேதியியலர்களில் பெரும்பாலோருக்கு இருபது ஆண்டுக்கு மேல் நம்பிக்கை வரவில்லை; அதன் தோராயங்கள் பிணைப்பு ஆற்றலைத் தேவையான துல்லியத்தில் தரவில்லை.

1988-இல் நிலைமை திரும்பியது. கனடாவில் ஆக்சல் பெக்கெ ஒரு நல்ல திருத்தத்தை வெளியிட்டார். அதே ஆண்டு வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் லீ, யாங், பார் மூவரும் இன்னொரு சூத்திரத்தைத் தந்தார்கள். 1993-இல் பெக்கெ காட்டிய கலப்பு முறையோடு இவை இணைந்து 'பி3எல்ஒய்பி' பிறந்தது. 1990-களில் இம்முறைகள் காஸியன் மென்பொருளுக்குள் நுழைந்ததும் வேதியியல் ஆய்வுக்கூடங்களெல்லாம் அவற்றை எடுத்துக்கொண்டன. 1998-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கோனுக்கும் பாப்பிளுக்கும் பகிர்ந்து தரப்பட்டது.

திரையில் ஓர் எண்

இன்று ஓர் ஆய்வாளரின் பெயரைத் தட்டினால் ஒரு நொடியில் எல்லாம் வந்துவிடுகிறது. மொத்த மேற்கோள், ஆண்டுவாரியாக ஏறி இறங்கும் பட்டை வரைபடம், பக்கத்திலேயே எச்-இன்டெக்ஸ். மேற்கோள்களைத் தேடித் தரும் ஸ்கோப்பஸ், கூகுள் ஸ்காலர் இரண்டும் 2004-இல் வந்தன. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவின் இயற்பியலர் ஹோர்ஹே ஹிர்ஷ் எச்-இன்டெக்ஸை முன்வைத்தார். குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவருக்கு 40 இருந்தால், அவருடைய எண் 40. கணக்கு எளிது என்பதால் உலகம் முழுதும் பரவிவிட்டது. அதனால் கடுமையான எதிர்பாராத தீங்குகள் விளைந்ததாக 2020-இல் ஹிர்ஷே எழுதினார்.

வந்த நன்மைகளை மறைக்கக் கூடாது. அஞ்சலட்டை எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த காலம் போயிற்று. இயற்பியலுக்கு 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவும் வேதியியலுக்கு 2017-இல் வந்த கெம்ஆர்க்கைவும், அச்சுக்கு முந்தைய கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கத் தருகின்றன. சிற்றூர்க் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவி, இன்று காலை வெளியான கட்டுரையை இன்று மாலையே படித்துவிடலாம். இது சாதாரண மாற்றம் இல்லை; கதவு திறந்திருக்கிறது.

பெயர்ச் சிக்கலுக்கும் ஒரு வழி பிறந்தது. நம் தமிழ்ப் பெயர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்ளும் வழக்கத்தை மேற்கத்தியத் தரவுத்தளங்கள் புரிந்துகொள்வதில்லை. ஓர் இதழ் தலைப்பெழுத்தையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். இன்னோர் இதழ் தந்தை பெயரை விரித்து அதன் கீழ் அடுக்கும். ஒரே மனிதரின் உழைப்பு இரண்டு மூன்று பேர் மேல் பிரிந்து கிடக்கும். 2012 முதல் ஆர்சிட் என்ற 16 இலக்க அடையாள எண் வந்த பிறகு, சிதறியதைச் சேர்க்க முடிகிறது. ஆய்வுக்கு வரும் நம் இளைஞர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே அதைப் பதிவுசெய்துகொள்வது நல்லது.

எண் எதைச் சொல்கிறது?

2014-இல் 'நேச்சர்' இதழ், அறிவியல் வரலாற்றிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டது. அதில் 12 கட்டுரைகள் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டைச் சேர்ந்தவை. ஏழாவது இடம் லீ–யாங்–பார் 1988 கட்டுரைக்கு, மேற்கோள் 46,702. எட்டாவது இடம் பெக்கெயின் 1993 கட்டுரைக்கு, மேற்கோள் 46,145. இரண்டு எண்களும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன பாருங்கள். பி3எல்ஒய்பி முறையில் கணக்குப் போட்ட வேதியியலர், தன் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சேர்த்துக் குறிப்பிடுகிறார். அதனால்தான் இரண்டும் கைகோத்து ஏறியிருக்கின்றன. மருந்து மூலக்கூறு ஆராய்பவரும் வினையூக்கி ஆராய்பவரும் நன்றியோடு அந்த வாக்கியத்தை எழுதுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சூத்திரத்தின் உட்பொருளோடு வேலை இல்லை. அது கையிலுள்ள கருவி.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். லீ–யாங்–பார் சூத்திரம் வானத்திலிருந்து விழவில்லை. இத்தாலியர்களான கொல்லேயும் சால்வெட்டியும் 1975-இல் தந்த ஒரு சூத்திரத்தை எடுத்து, அதை எலக்ட்ரான் அடர்த்தியின் மொழியில் மாற்றி எழுதியதுதான் மூவரின் சாதனை. அந்த 1975 கட்டுரையின் மேற்கோள், தன் வழித்தோன்றலுக்கு வெகு கீழே நிற்கிறது. கோனும் அவருடைய கூட்டாளிகளும் 1964-லும் 1965-லும் எழுதிய அடித்தளக் கட்டுரைகள்கூட அந்தப் பட்டியலில் 30-க்குப் பிறகுதான் வருகின்றன. ஹார்ட்ரீ–ஃபாக் என்ற பெயர் நாள்தோறும் எழுதப்படுகிறது. அந்த மூலக் கட்டுரைகளைப் பெரும்பாலோர் அடிக்குறிப்பில் போடுவதில்லை. ஷ்ரோடிங்கர் 1926-இல் எழுதியவற்றுக்கும் அதே கதி. எல்லாருக்கும் பொதுச் சொத்தாகிவிட்ட கருத்துக்கு மேற்கோள் தேவைப்படாமல் போகிறது. கட்டிடத்தில் ஆள் ஏறும் படிகள் எண்ணப்படுகின்றன, அஸ்திவாரம் எண்ணப்படுவதில்லை.

ஆக, மேற்கோள் எண்ணிக்கை பயன்பாட்டைக் காட்டுகிறது. அது மதிக்கத்தக்க செய்திதான். ஆயிரம் ஆய்வுக்கூடங்களுக்குப் பயன்படும் முறையை உருவாக்கியவரை யார் குறைத்துச் சொல்ல முடியும்? ஆனால் ஆழத்தை அந்த எண் காட்டாது. புதிய முறை ஒன்றின் கணிதத்தைச் செதுக்குபவர் ஒருவர். இருக்கிற மென்பொருளை நூறு மூலக்கூறுகள் மேல் ஓட்டி அட்டவணை தருபவர் இன்னொருவர். இரண்டும் தேவையான வேலைகள். முதலாமவருக்கு மூன்றாண்டுக்கு இரண்டு கட்டுரை வரலாம். இரண்டாமவருக்கு ஆண்டுக்கு ஆறு வரலாம். இருவரையும் ஒரே எச்-இன்டெக்ஸில் நிறுத்தி, பெரியது எது என்று கேட்பது அநியாயம். அந்த அநியாயத்தைத் தேர்வுக் குழுக்கள் நாள்தோறும் செய்துகொண்டிருக்கின்றன.

நம் நாட்டிலும் கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப் முறையில் கட்டுரை எண்ணிக்கையும் மேற்கோளும் மதிப்பெண் ஆகின்றன. எண்ணுக்குப் பரிசு என்றால், எண்ணைப் பெருக்குவதே சிலருக்குத் தொழிலாகிவிடும். ஒரு முடிவை நான்காகப் பிரித்து நான்கு கட்டுரையாக்குவது, தன் கட்டுரைகளையே வரிசையாக மேற்கோள் காட்டுவது, ஒருவருக்கொருவர் சொல்லிவைத்து மேற்கோள் மாற்றிக்கொள்வது, எழுதாதவர் பெயரைச் சேர்ப்பது என்று வழிகள் பல முளைத்திருக்கின்றன. இதில் அதிகம் நோகிறவர்கள் நேர்மையாக உழைக்கும் இளம் ஆய்வாளர்கள். மூன்றாண்டுக்குள் எண் ஏறவேண்டும் என்று தெரிந்த இளைஞர், பத்தாண்டு உழைப்புக் கேட்கும் கேள்வியைத் தொடவே அஞ்சுவார். மோலரும் பிளெசெட்டும் இன்றைய ஒப்பந்தப் பணியில் இருந்து, அந்த ஒரு கட்டுரையை மட்டும் வைத்து மதிப்பிடப்பட்டிருந்தால், மூன்றாண்டு முடிவில் வரைபடத்தின் பட்டை தரையோடு தரையாகக் கிடந்திருக்கும்.

செய்ய வேண்டியது

மாற்று வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டிஎஃப்ஜி, நிதி கேட்பவர்கள் தம் முக்கியமான கட்டுரைகளில் ஐந்தை மட்டும் குறிப்பிட்டால் போதும் என்று 2010-இல் விதி செய்தது. 2012-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கூடிய அறிவியல் இதழ்களின் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் உருவாக்கிய பிரகடனம், இதழின் சராசரி மேற்கோளைக் காட்டும் தாக்கக் காரணியை வைத்து மனிதரை எடைபோடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்களும் தனிநபர்களும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். 2015-இன் லைடன் அறிக்கையும், எண் துணைக்கு வரலாம், தீர்ப்பை மனிதர்தான் சொல்லவேண்டும் என்கிறது.

நம் பல்கலைக்கழகத் தேர்வுக் குழுக்கள் இதைச் செய்யப் பெரிய செலவு ஆகாது. விண்ணப்பிப்பவரிடம் ஐந்து கட்டுரைகளைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் அவர் கை எது, எந்தக் கேள்வி திறந்தது, யார் அதைத் தொடர்ந்தார்கள் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். துறை அறிந்த இருவர் அந்த ஐந்தையும் உட்கார்ந்து படிக்கட்டும். மேற்கோள் பட்டியலையும் திறந்து பார்க்கட்டும். எண்ணை மட்டும் பார்க்காமல், எடுத்தாண்டவர்கள் அந்தக் கருத்தை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்க்கட்டும். அன்று பொடி எழுத்துத் தொகுதியில் வேறு வழியில்லாமல் செய்த வேலையை, இன்று ஒரு மணி நேரத்தில் வசதியாகச் செய்யலாம். கட்டுரைகளை வீடுவரை கொண்டுவந்து கொடுத்த இந்தக் காலத்தில், படிக்க நேரமில்லை என்று ஒரு தேர்வுக் குழு சொல்வதை நாம் ஏற்கக் கூடாது.